வகுப்பறையும் வீடும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால்

"பொண்ணு டீச்சர் வேலை பாக்குது. நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்திடும். மே மாசம் முழுக்க லீவு." வரன் பார்க்கும் இடத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. தொடக்கப் பள்ளி ஆசிரியை பின்னாளில் படும் பாட்டில் பாதி இந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது. நாலு மணிக்கு வருகிறவர் என்பதால் மாலைக் காப்பி அவர் பொறுப்பு. லீவு இருக்கிறவர் என்பதால் மாமனாரின் கண் ஆபரேஷனுக்கு அவர்தான் துணை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் என்பதால் நாத்தனார் பிள்ளையின் வீட்டுப்பாடமும் அவர் தலையில்.

சட்டம் வேறு கணக்குச் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி என்கிறது. பாடம் தயாரிக்கும் நேரமும் அதில் அடக்கம். பள்ளியில் நாளுக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தால் ஐந்து நாளுக்கு 35 ஆகிறது. மீதிப் பத்து மணி நேர வேலை வீட்டுக் கூடத்திலும் பஸ்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை மதியத்திலும் நடக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் அதை வேலை என்று எண்ணுவதில்லை. பல ஆசிரியைகளே எண்ணுவதில்லை. முதல் வேலையாக இந்த 45-ஐ வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பேங்க் ஊழியரின் வேலை நேரத்தை ஏற்றுக்கொள்ளும் குடும்பம் உங்கள் வேலை நேரத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த எண் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நேரத்தை நன்றாகத் திட்டமிடுங்கள்" என்பதுதான் ஆசிரியைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. காலை நாலரைக்கு எழுந்து, மூன்று டப்பா கட்டி, இரண்டு பஸ் மாறி, ஒன்பது மணிக்கு வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கிறவருக்குத் திட்டமிடல் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் செய்ய வேண்டியது வேறு. எந்தப் பாரம் யாருடையது என்று பிரிக்க வேண்டும். சில உங்களுடையவை. சில கணவருடையவை, சில தலைமை ஆசிரியருடையவை, சில அரசுடையவை. பிறருடைய பாரத்தை உங்கள் தூக்கத்திலிருந்து நேரம் எடுத்துச் சமாளிக்கும்வரை அது உங்கள் தோளைவிட்டு இறங்காது.

பிரிப்பதற்கு ஒரு பழைய ஆய்வு கைகொடுக்கிறது. 1985-இல் ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கோலஸ் பியூடல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதலை மூன்றாக வகுத்தார்கள். ஒரே நேரத்தை இரண்டு இடமும் கேட்பது ஒன்று. ஓரிடத்துச் சோர்வும் எரிச்சலும் மற்ற இடத்தில் கொட்டுவது இன்னொன்று. ஓரிடத்தில் பழகிய நடத்தை மற்ற இடத்தில் பொருந்தாமல் போவது மூன்றாவது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு மூன்றும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நேரம்

உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு இடையில் ஓரிரு பாடவேளை ஓய்வு கிடைக்கும். தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியரே தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் எடுக்கிறார். ஈராசிரியர் பள்ளியில் நிலைமை இன்னும் கடுமை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் லீவு போட்டால் மற்றவரிடம் ஐந்து வகுப்பும் வந்து சேரும். தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்பவரின் தொண்டையில் சொல் சிக்குவது இதனால்தான். அந்த உறுத்தல் நல்ல மனத்திலிருந்து வருகிறது. ஆனால் ஆள் பற்றாக்குறை நீங்கள் உண்டாக்கியதல்ல. சக ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, "நீங்க வராத நாள்ல நான், நான் வராத நாள்ல நீங்க" என்று ஒரு பொது ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பையும் ஒருவர் பார்க்கும் நாளுக்கென்று பயிற்சித்தாள், கதைப் புத்தகம், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டும் வேலை என ஒரு கட்டு அலமாரியில் தயாராக இருக்கட்டும்.

ஒரே ஒரு வாரம் உங்கள் வேலையைக் குறித்துப் பாருங்கள். வகுப்பு நடத்தியது, நோட்டுத் திருத்தியது, பதிவேடு எழுதியது, எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றியது, வட்டார வள மையத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் அலைந்தது என்று தனித்தனிப் பத்தியாக. எது வீட்டுக்குள் வந்து நேரத்தைத் தின்கிறது என்பது தானாகத் தெரியும். பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் தலைதூக்கும்: நோட்டும் போனும்.

நோட்டு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தை வீட்டுக்குத் தூக்கிவந்து சிவப்பு மையால் சுழித்துக் கொடுப்பதில் பிள்ளைக்குக் கிடைக்கும் பயன் குறைவு. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது எழுதும்போதே கையைப் பிடித்துத் திருத்துவதில்தான் கற்றல் நடக்கிறது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வேலை கொடுக்கச் சொல்கிறது. அந்தப் பிரிப்பையே திருத்தலுக்கும் பயன்படுத்துங்கள். மொட்டும் மலரும் தங்கள் செயல்பாட்டில் இருக்கும்போது அரும்பின் நோட்டுகள் உங்கள் மடியில் இருக்கட்டும். அடுத்த நாள் மொட்டு. பையில் நோட்டுக் கட்டு இல்லாமல் பஸ் ஏறும் நாள்கள் கூடும்.

போனுக்கு வருவோம். இரவு எட்டரைக்கு "நாளை காலை 10 மணிக்குள் விவரம் அனுப்பவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. உடனே ஒருவர் "ஓகே சார்" போடுகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் எல்லோரும் போடுகிறார்கள். யாரும் உண்மையில் அந்த இரவில் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஆனால் முதல் "ஓகே" மற்ற எல்லோருடைய இரவையும் பள்ளிக்கு இழுத்துவிடுகிறது. ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்: ஏழு மணிக்குப் பிறகு குழுவில் பதில் போடுவதில்லை, உண்மையிலேயே அவசரம் என்றால் தலைமை ஆசிரியர் போன் செய்வார். தனியாளாக இதைச் செய்தால் அலட்சியம் என்று பெயர் வரும். எல்லோரும் சேர்ந்து செய்தால் அது பள்ளியின் நடைமுறை.

பாடம் அல்லாத பணிகள்

இந்தப் பாரத்தின் உரிமையாளர் அரசுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தேர்தல் தொடர்பான பணியையும் விடுமுறை நாள்களிலும் பாடம் இல்லாத நேரங்களிலும்தான் கொடுக்க வேண்டும், பாட நேரத்தில் சாதாரணமாகக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் சொன்னது. பிள்ளைகளின் படிப்பைக் காக்கச் சொன்ன தீர்ப்பு அது, நியாயமானதுதான். அதன் மறுபக்கத்தைச் சுமப்பது ஆசிரியரின் குடும்பம். வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருக்கும் ஆசிரியை மாலையிலும் ஞாயிறன்றும் தெருத் தெருவாகப் போகிறார், வீட்டில் அவர் பிள்ளை மாமியாரிடம் அடம்பிடித்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. எந்தப் பணியானாலும் வாய்மொழியாக ஏற்காமல் எழுத்துப்பூர்வ ஆணை கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தேர்தல் பணியிலிருந்து விலக்குக் கேட்கலாம். பயிற்சி வகுப்புக்கு அழைப்பு வந்த அன்றே மருத்துவச் சான்றோடு விண்ணப்பியுங்கள், வாக்குப்பதிவுக்கு முந்தின நாள்வரை காத்திருக்க வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலையெண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில் வருகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த மாதத்தின் சமையல், மருந்து, டியூஷன் ஏற்பாடுகளை இப்போதே கணவருடன் பேசி முடித்துவிடுங்கள்.

லீவை எப்படிச் செலவழிப்பது

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. ஜனவரியில் தொடங்கும் கணக்கு இது. மார்ச்சுக்குள் ஊர்த் திருவிழா, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று ஏழு நாளை உறவுகளுக்குக் கொடுத்துவிட்டு, அக்டோபரில் மழையோடு சேர்ந்து டெங்குவும் வைரல் காய்ச்சலும் வரும்போது கையைப் பிசைந்து நிற்கிற ஆசிரியைகள் ஏராளம். குறைந்தது நாலு நாளை வடகிழக்குப் பருவமழைக்கென்று ஒதுக்கிவையுங்கள். "உங்க வீட்டு விசேஷத்துக்குக் கட்டாயம் வருவேன், ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள் அக்கா, சொந்தம் அறுந்துபோகாது.

மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதமாக உயர்ந்திருக்கிறது. முன்பு அந்தக் காலம் தகுதிகாண் பருவத்தில் சேராததால் இளம் ஆசிரியைகளின் பணிமூப்பு பின்தங்கியது. அதையும் கணக்கில் சேர்ப்பதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. உங்கள் விண்ணப்பத்தை அலுவலகத்தில் யாராவது "ரூல் இல்லீங்க" என்று திருப்பினால், எந்த ரூல் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. கேந்திரிய வித்யாலயா ஆசிரியை தன் பிள்ளையின் பொதுத்தேர்வுக்கு அந்த விடுப்பை எடுக்கிறார். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியையின் பிள்ளைக்கும் அதே தேர்வுதான். சங்கக் கூட்டங்களில் ஊதிய முரண்பாட்டுக்குக் கொடுக்கும் குரலில் ஒரு பங்கை இந்த விடுப்பைக் கேட்பதற்கும் கொடுக்க வேண்டும்.

தனியார் நர்சரி, மெட்ரிக் பள்ளி ஆசிரியைகளின் நிலை வேறு. பல இடங்களில் மே மாதச் சம்பளமே கேள்விக்குறி. சேரும்போதே பணி நியமன ஆணையில் விடுப்பு நாள்கள், சனிக்கிழமை வேலை, கோடை விடுமுறைச் சம்பளம் மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நாலு மணிக்குப் பிறகு மீதமிருக்கும் பொறுமை

வேலையும் வீடும் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நேரத்தை அளக்கின்றன. தொடக்கப் பள்ளி ஆசிரியரின் உண்மையான வலி வேறிடத்தில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. முப்பது சின்னப் பிள்ளைகள். ஒன்று அழுகிறது, ஒன்று பென்சிலைத் தொலைத்துவிட்டது, ஒன்று வகுப்பிலேயே சிறுநீர் கழித்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஆசிரியை குரலை உயர்த்தாமல் குனிந்து பேசுகிறார். இது தானாக வருவதில்லை, உழைத்து வரவழைப்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய நூலில் இதை உணர்வு உழைப்பு என்று அழைத்தார்: முகத்தையும் குரலையும் வேலையின் தேவைக்கேற்ப வைத்திருக்கும் உழைப்பு. அதற்குச் சம்பளப் பட்டியலில் தனி வரி கிடையாது. ஆனால் உடம்பு கணக்கு வைத்திருக்கிறது. மாலையில் சொந்தப் பிள்ளை பென்சிலைத் தொலைத்துவிட்டு வரும்போது, காலையில் வேறொரு பிள்ளைக்குக் கிடைத்த பொறுமை இதற்குக் கிடைப்பதில்லை. "ஊர்ப் பிள்ளைங்ககிட்ட மட்டும் சிரிச்சுப் பேசுவீங்க" என்று எட்டு வயதில் சொல்லிவிடுகிறது. அந்தச் சொல்லுக்குப் பிறகு பல ஆசிரியைகள் இரவில் தூங்குவதில்லை. நல்ல தாயாக இல்லையோ என்ற கேள்விதான் தூங்கவிடுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கீழே வையுங்கள். தீர்ந்துபோனது உங்கள் அன்பல்ல, அன்றைய நாளின் குரல். குரல் மீள்வதற்கு இடைவெளி வேண்டும். பஸ்ஸில் வரும் நேரம் அந்த இடைவெளியாகட்டும்; அதில் எமிஸ் வேலையும் போன் பேச்சும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் யாரும் உங்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று ஒரு வழக்கத்தை உருவாக்குங்கள். முகம் கழுவி, காப்பி குடித்து, மொட்டைமாடியில் சும்மா உட்காருங்கள். சிறு வீட்டில், கூட்டுக் குடும்பத்தில் இதைக் கேட்பது கடினம் என்று தெரியும். கணவர் சொன்னால் எளிதாக நடக்கும். எனவே அவரிடம் முதலில் கேளுங்கள்.

நடத்தை மோதல் இன்னும் நுட்பமானது. வகுப்பில் "எல்லாரும் இங்க பாருங்க" என்று சொல்லிப் பழகிய வாய், சாப்பாட்டு மேசையிலும் அதையே சொல்கிறது. பதிலில் தவறிருந்தால் உடனே திருத்தும் பழக்கம் கணவரின் பேச்சையும் திருத்துகிறது. பிள்ளைகள் கைகட்டி வாய்பொத்தி நிற்கத் தொடங்கினால் வீடு வகுப்பறையாகிவிட்டது என்று பொருள். சொந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை முடிந்தவரை நீங்கள் பார்க்காதீர்கள். அப்பா பார்க்கட்டும், சித்தி பார்க்கட்டும், பக்கத்துத் தெரு அண்ணன் பார்க்கட்டும். பிள்ளைக்கு டீச்சர் பள்ளியில் இருக்கிறார். வீட்டில் கதை கேட்க ஒரு அம்மா வேண்டும்.

உங்கள் பிள்ளை உங்கள் பள்ளியிலேயே படித்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். சலுகை என்று பிறர் சொல்லிவிடக் கூடாதே என்று சொந்தப் பிள்ளையை மற்றவர்களைவிடக் கடுமையாக நடத்துகிற ஆசிரியைகள் உண்டு. இயன்றால் பிள்ளையை வேறு ஆசிரியரின் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஈராசிரியர் பள்ளியில் அதற்கு வழியில்லை என்றால், பள்ளியில் நடந்ததை வீட்டில் பேசுவதில்லை என்றாவது பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள்.

எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கம் கெட்டு, திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குக் கிளம்பவே நெஞ்சு படபடத்தால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் கட்டணமின்றி தமிழில் பேசலாம்.

வீட்டில் கேட்க வேண்டியது

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பிலும் இடைவெளி பெரிதாகக் குறையவில்லை. 2019-இன் அந்த 97-கூட வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களின் கணக்குதான். செய்யாதவர்கள் அதில் வரவேயில்லை.

கணவரிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வெங்காயம் நறுக்கித் தருவார். என்ன சமைப்பது, மளிகையில் எது தீர்ந்தது, மாவு எப்போது அரைப்பது என்ற யோசனை முழுவதும் உங்கள் தலையிலேயே இருக்கும். ஒரு வேலையை வேரோடு கொடுங்கள். காலைச் சிற்றுண்டி அவருடையது என்றால் முந்தின இரவு மாவு எடுத்து வைப்பதிலிருந்து சட்னி பாத்திரம் கழுவுவதுவரை அவருடையது. முதல் மாதம் தோசை கருகும். சும்மா இருங்கள்.

சம்பளம் வாங்கும் ஆசிரியை வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதை ஆடம்பரமாக எண்ண வேண்டாம். பல வீடுகளில் ஆசிரியையின் ஏடிஎம் அட்டை கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. மாவு அரைத்து வாங்கவும் ஆட்டோவுக்கும் ஆசிரியை அவரிடம் பணம் கேட்டு வாங்குகிறார். உங்கள் சம்பளத்தில் ஒரு தொகை உங்கள் நேரத்தை மீட்பதற்காகவே செலவாக வேண்டும். அந்த முடிவை நீங்களே எடுக்க வேண்டும்.

ஆண் ஆசிரியர்களுக்கும் இந்த மோதல் உண்டு. வயதான பெற்றோர், மனைவி வேறு மாவட்டத்தில் வேலை, தேர்தல் பணி. ஆனால் பெரும்பாலும் மனைவி அந்த அடியைத் தாங்கிக்கொள்வதால் அவர்களுக்கு அது தெரியாமல் போகிறது.

தேர்வும் பதவி உயர்வும்

நாற்பதைத் தாண்டிய ஆசிரியைகளின் இன்றைய பெரிய கவலை ஆசிரியர் தகுதித் தேர்வு. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவராக இருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம். ஆனால் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவருக்கு இந்த வயதில் தேர்வு என்பது வலிக்கத்தான் செய்யும். சட்டப் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும், தயாராவதால் நட்டமில்லை.

தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகள் ஐந்து பகுதியாக, பகுதிக்கு 30 என்று வருகின்றன. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் நான்கையும் நீங்கள் தினமும் வகுப்பில் தொடுகிறீர்கள். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் என்ற பகுதிதான் புதிதாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. அதற்கு அதிகாலையைத் தியாகம் செய்யாதீர்கள், ஏற்கெனவே அது சமையலுக்குப் போய்விட்டது. வீட்டில் வாரத்துக்கு மூன்று மாலை, ஒன்றரை மணி நேரம் என்று கேட்டு வாங்குங்கள். அந்த மாலைகளில் இரவுச் சமையல் உங்களுடையதல்ல. மகனின் நீட் படிப்புக்கு டிவியை அணைக்கும் வீடு அம்மாவின் தேர்வுக்கும் அணைக்கட்டும்.

பதவி உயர்விலும் ஒரு முடிச்சு இருக்கிறது. முன்பு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பணிமூப்பு ஒன்றிய அளவில் பார்க்கப்பட்டது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. சங்கங்கள் கடுமையாக எதிர்த்ததற்குக் காரணம் உண்டு: தலைமை ஆசிரியர் பதவிக்காக வேறு மாவட்டம் போக வேண்டி வந்தால் பெண்கள் பதவியையே விட்டுக்கொடுப்பார்கள். பதவி உயர்வுத் துறப்புக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்திட்டால் மீண்டும் எப்போது பட்டியலில் பெயர் வரும்? கணவன், மனைவி பணியிட முன்னுரிமையிலோ மனமொத்த மாறுதலிலோ எத்தனை காலத்தில் திரும்பி வர வாய்ப்பு? ஓய்வூதியக் கணக்கில் என்ன வித்தியாசம்? மூன்றுக்கும் விடை கையில் இருக்கும்போது குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுங்கள். கணவருக்குப் பதவி உயர்வு வந்து வேறு ஊர் என்றால் வீடு என்ன முடிவெடுத்திருக்கும் என்ற கேள்வியையும் அங்கே கேளுங்கள்.

தலைமை ஆசிரியருக்கு

உங்கள் பள்ளியில் கைக்குழந்தை உள்ள ஆசிரியை இருந்தால் முதல் பாடவேளையை அவருக்குச் சற்றே தளர்த்தும் வகையில் அட்டவணை போடுங்கள். இரவில் வரும் அவசரத் தகவல்களைக் குழுவில் அப்படியே தள்ளிவிடாமல் காலையில் பள்ளி தொடங்கியதும் பகிருங்கள். பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது எப்போதும் "வீட்டுப் பிரச்சினை இல்லாதவர்" என்று ஒரே ஆளை அனுப்பாமல் பதிவேடு வைத்துச் சுழற்சியில் அனுப்புங்கள். திருமணமாகாத ஆசிரியைக்கும் வீடு உண்டு, வயதான அம்மா உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை ஆசிரியைகள் பஸ்ஸைத் தவறவிடும் நேரத்தில் வைக்காதீர்கள். லீவு கேட்டு வருகிறவரிடம் "என்ன காரணம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். கடிதத்தை வாங்கி, யார் அந்த வகுப்பைப் பார்ப்பது என்று மட்டும் பேசுங்கள்.